சவ்வுக் கூடை

மேட்டில் சாமிக்கு வைத்த படப்பு விடிந்த பிறகும் அப்படியே கிடக்கிறது என்று செண்பகவல்லி வந்து சொன்னபோது மீனாட்சியம்மாள் குழாயடியில் இரண்டாவது குடத்தை வைத்திருந்தாள். செண்பகவல்லி மீனாட்சியம்மாளின் புருஷன் ஆறுமுகநயினாரின் உடன்பிறந்த அக்காள். அவள் கொண்டுவரும் சேதி எதுவும் வழியிலேயே கொஞ்சம் ஊதிப் பெருத்துத்தான் வந்து சேரும். அன்றைக்கு அவள் ஒன்றும் கூட்டவில்லை. கூட்டவேண்டிய தேவையும் இல்லை.

"சோறு சோறாவே இருக்கு மீனாச்சி. கறி, கருவாடு, முட்டை எல்லாம் வச்சது வச்சபடி. ஒரு சுருட்டு கூட உருளல. தம்பி எலைக்கு முன்னால உக்காந்துட்டான், எந்திரிக்கவே மாட்டேங்கான். ரொம்ப நேரமா ஆளக் காணலியேன்னு ஆம்பளைய போயிப் பாத்தா இந்தக் கோலம். பதிமூணு வருசத்துல இப்பிடி உண்டுமா?"

"மதினி, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"நான் மெதுவாப் பேசினா மட்டும் ஊருக்குத் தெரியாமப் போயிருமாக்கும்."

குடம் நிரம்பி வழிந்தது. தண்ணீர் வீணாகிறதென்று பின்னால் நின்ற மராட்டிக்காரி முணுமுணுத்தாள். மீனாட்சியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது சாமி இல்லை, மருமகள் பூமாரி. ஏனென்றால் அந்தப் படப்பை ஆக்கியவள் அவள்தான்.

அப்போது ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்தது. அரிசிக்குக் கார்டு வந்து ஒரு வருஷம். பம்பாயில் தாராவித் தோல்ஷாப்புகளில் பட்டாளத்துப் பூட்ஸுக்குத் தோல் பதனிட்டு மாளவில்லை. தாராவி அன்றைக்கு இத்தனை நெரிசல் இல்லை. வரிசை வரிசையாகச் சால் வீடுகள், அவற்றுக்குப் பின்னால் தோல்ஷாப்புச் சுவர், சுவருக்கு அப்பால் கண்டல் புதர், அதற்கும் அப்பால் கடல்தண்ணீர் ஏறி இறங்கும் கழி. கழிக்கரையில் நரிகள் இருந்தன. பத்தோ பன்னிரண்டோ, யார் எண்ணிப் பார்த்தார்கள்? சாயங்காலம் தோல்ஷாப்புச் சங்கு ஊதினால் அவையும் கூடச் சேர்ந்து ஊளையிடும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் தூங்கமாட்டார்கள். இரண்டாவது வாரத்தில் அந்தச் சத்தம் காதிலேயே விழாது. எப்போதாவது ஒரு கோழி போனால் பெண்கள் சுவரோரம் நின்று நரியின் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார்கள். அதோடு சரி. யாரும் தடியெடுத்துக்கொண்டு போனதில்லை.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தோல்ஷாப்புச் சுவரோரம் செங்கலும் சுண்ணாம்பும் வைத்து மாடசாமிக்கு ஒரு பீடம் கட்டியிருந்தார்கள். வைகாசிக் கடைசி வெள்ளியில் கொடை விழா. ஆறுமுகநயினார்தான் சாமியாடி. கொடையன்று சாமியாடி வீட்டில் ஆக்கிய படப்பை அவர் ஒருவரே தலையில் சுமந்துபோய்க் கண்டல் புதருக்கு நடுவில் இருக்கிற மண்மேட்டில் இலைபோட்டு வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வந்துவிடுவார். விடியக்காலம் அவர் மட்டும் போய்ப் பார்ப்பார். வந்து "ஏத்துக்கிட்டாரு" என்று சொன்னதும் பெண்கள் குலவையிடுவார்கள். அதற்குப் பிறகுதான் மிச்சக் கறி பந்திக்கு வரும். அந்த வீட்டுக்குப் புது மருமகள் வந்திருந்தால் அந்த வருஷத்துப் படப்பு அவள் கையால் ஆகவேண்டும். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு சொல் பேசாமல், உப்புக் கூடப் பார்க்காமல் ஆக்கவேண்டும்.

பூமாரி தை மாசம்தான் கல்யாணமாகி வந்திருந்தாள். கார்டு அரிசியில் ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி என்று இரண்டு மாசம் ஒதுக்கி வைத்து, கல் பொறுக்கி, உமி நீக்கி அவள் ஆக்கிய சோறு அது.

மீனாட்சியம்மாள் குடத்தை இறக்கியபோது அடுப்பங்கரையில் அம்மி ஓடிக்கொண்டிருந்தது. சேதி அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. பூமாரி நிமிரவில்லை.

"அத்தே, நான் உப்பு போட்டேன். ரெண்டு தடவ கையால அளந்து போட்டேன். நாக்குல வைக்கல."

"உன்ன யாரும் கேக்கலட்டி."

"கேப்பாவ."

கேட்டார்கள். சாயங்காலம் வரை ஆள் மாற்றி ஆள் வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வாய்த்துணி அவிழ்ந்ததா, அடுப்பு இடையில் அணைந்ததா, வீட்டுக்கு விலக்கு நாள் எப்போது என்று வெட்கமில்லாமல் கேட்டார்கள். செண்பகவல்லி மட்டும் எதுவும் கேட்கவில்லை. நடையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊரில் இருபது வயதில் ஒரு மகள் இருந்தாள். மீனாட்சியம்மாளின் மகன் நம்பிராஜனுக்கு அவளைத்தான் கட்டவேண்டும் என்பது செண்பகவல்லியின் நெடுநாள் நினைப்பு. கொடை பார்க்க என்று பம்பாய்க்கு வந்தவளுக்கு இப்போது பார்க்க வேறொன்றும் கிடைத்துவிட்டது.

ஆறுமுகநயினார் பொழுதடைந்த பிறகுதான் வீட்டுக்குள் வந்தார். சுண்ணாம்புக் குழியில் இருபது வருஷம் நின்று நின்று கணுக்காலுக்குக் கீழே வெளுத்துப்போன கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்தார். சோறு வேண்டாம் என்றார்.

"எட்டாங்கொடை வரைக்கும் பாப்பம்" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "வார வெள்ளிக்கிழம மறுபடி படப்பு வைப்பம். அன்னைக்கும் எலை அப்பிடியே கெடந்தா, அக்கா பத்தாம் நாள் மெட்ராஸ் வண்டிக்குப் போறா. அந்தப் புள்ளைய அவகூட ஊருக்கு அனுப்பிரலாம்."

"அனுப்பி?" என்றாள் மீனாட்சியம்மாள்.

"குத்தம் கழிச்சிட்டு, பொறவு பாக்கலாம்."

"பொறவுன்னா எப்பம்?"

அவர் காலைத் தேய்த்துக்கொண்டார். அந்தப் 'பொறவு' வராது என்று மீனாட்சியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். நம்பிராஜனைப் பார்த்தாள். மில்லில் நூல் பாபின் மாற்றுகிற பையன், யூனியன் கூட்டத்துக்கெல்லாம் போகிறவன், அன்றைக்கு அப்பா முன்னால் வாயைத் திறக்காமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ எங்கயும் போகமாட்டா" என்றாள். "எலைய காலி பண்ண வேண்டியது என் பொறுப்பு."

"என்னளா பேசுத? சாமி காரியம்."

"தெரிஞ்சுதான் பேசுதேன். சாப்பிடுங்க."

என்ன தெரிந்து பேசினாள் என்றால், ஒன்றும் தெரியாது. அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தாள். அரிசியா? கார்டு அரிசியில் நாற்றம் உண்டு, ஆனால் போன வருஷமும் அதே அரிசிதான். ஆட்டுக்கறியா? அதே ஹனீப் பாய் கடைக்கறி. இலை மாட்டுங்கா சந்தையில் வாங்கியது. ஒன்றும் பிடிபடவில்லை.

பிடிபட்டது திங்கட்கிழமை சாயங்காலம், தோல்ஷாப்பில். மீனாட்சியம்மாள் அங்கே கொட்டகை வேலை பார்த்தாள். சுண்ணாம்பில் போடுவதற்கு முன்னால் பச்சைத் தோலின் உள்பக்கத்துச் சவ்வை ஆம்பளைகள் வளைகத்தியால் வழித்துத் தள்ளுவார்கள். அந்தச் சவ்வும், வாலும், காதுத் துண்டுமாகத் தரையில் விழுவதையெல்லாம் தகரக் கூடையில் அள்ளிச் சுமந்துபோய்க் கழியோரம் கொட்டுவது அவள் வேலை. பதிமூன்று வருஷம், சங்கு ஊதினதும் கூடை தலையில் ஏறிவிடும். மேட்டடியில் ஒரு கல் உண்டு. கூடையைக் கவிழ்த்து விளிம்பை அந்தக் கல்லில் மூன்று தட்டுத் தட்டினால்தான் ஒட்டின சவ்வு விழும்.

அன்றைக்குச் சங்கு ஊதியது. அவள் கை தன்னால் கூடை இருந்த மூலைக்குப் போயிற்று. அங்கே கூடை இல்லை. பங்குனிக் கடைசியிலிருந்தே இல்லை. வச்சிரம் காய்ச்சுகிற சேட்டு ஒருவன் சவ்வு முழுவதையும் எடுத்துக்கொள்கிறான். சண்டைக்கு மரச்சாமான் ஒட்ட வச்சிரம் வேண்டுமாம். லாரி வாசலிலேயே நிற்கும், அதில் கொட்டிவிட்டால் முடிந்தது. தலைச்சுமை போயிற்றே என்று சந்தோஷப்பட்டவள் அவள்தான்.

மூலையில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். கூடையைத் தட்டுகிற சத்தம் கேட்டதும் கண்டலுக்குள்ளிருந்து வந்து, இருபது காலடி தள்ளி உட்கார்ந்து, அவள் முதுகைத் திருப்பும்வரை காத்திருக்குமே, அந்த நரிகளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று? ஒரு காது கிழிந்த பெட்டை ஒன்று உண்டு. அதற்கு மூளி என்று பேர் வைத்திருந்தாள். "என்ன மூளி, இன்னைக்கு மாட்டுச் சவ்வுதான், ஆட்டுது இல்ல" என்று அதனிடம் பேசிவிட்டு வருவதும் உண்டு. சங்கு ஊதி ஓய்ந்துவிட்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். கழிப்பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இரண்டு மாசமாகவே இல்லை. காதில் விழாமல் பழகின சத்தம் நின்றுபோனால் யாருக்குத் தெரியும்? தாராவி பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வருஷாவருஷம் மேட்டுப் படப்பைத் தின்றதும் அவையாகத்தானே இருக்கும்?

"அட சவமே" என்றாள் தனக்குத்தானே. "பட்டினி போட்டு வெரட்டினதே நாந்தானா?"

நேரே மேஸ்திரி ஜெயினுலாப்தீனிடம் போனாள். மேலப்பாளையத்துக்காரர். முகத்தில் சிரிப்பைக் காட்டமாட்டார், ஆனால் கொட்டகைப் பெண்கள் யாரும் அவருக்குப் பயந்ததில்லை.

"மேஸ்திரி, எனக்கு நாலு நாளைக்கு ஒரு கூடை சவ்வு வேணும்."

"என்னத்துக்கு? சேட்டு லாரிக்கே பத்தலங்கான்."

"நரிக்கு."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார்.

"நரிக்கா?"

"மேட்டுல எங்க படப்பு கெடக்குற சங்கதி உங்களுக்குத் தெரியாதா? ஊரே பேசுது. தொட நாதியில்ல. மத்த சனத்துகிட்ட இதச் சொல்ல முடியாது, உங்ககிட்ட சொல்லுதேன். நரி வரணும். வரலன்னா என் மருமவள வண்டி ஏத்திருவாவ."

"ஏன், நாய் கெடையாதா?"

"நரிகிட்ட கடி வாங்கின நாய்ங்க. மேட்டப் பாத்தாலே வால இடுக்கிட்டு ஓடுது."

ஜெயினுலாப்தீன் பீடியை இரண்டு இழுப்பு இழுத்தார். கொட்டகைத் தரையைப் பார்த்தார்.

"சவ்வு தரமுடியாது மீனாச்சி. லாரிக்காரன் கேப்பான். ஆனா வால், காது, ஓரத்துத் துண்டு இதெல்லாம் தரையில கெடக்கு பாரு. தரையச் சுத்தமா வைக்கச் சொல்லி உனக்குச் சம்பளம் குடுக்கோம். கூட்டினத எங்க கொட்டினன்னு எவன் கேக்கப் போறான்? நான் கேக்கமாட்டேன்."

"நல்லா இருப்பீய."

"அந்த மூளிக்காதுப் பெட்டையும் வந்துச்சுன்னா சொல்லு" என்றார் அவர், பீடியைப் பார்த்துக்கொண்டே. மீனாட்சியம்மாள் ஆச்சரியப்பட்டாள். இந்த மனுஷன் இதையெல்லாம் எப்போது கவனித்தார்?

அன்றைக்கே பழைய தகரக் கூடையைத் தேடியெடுத்துத் தலையில் ஏற்றினாள். கல்லில் மூன்று தட்டு. புழுக்கமான சாயங்காலம், மழைக்கு முந்தின மேகம் கழிமேல் தொங்கிக்கொண்டிருந்தது. கண்டலில் கொக்கு மட்டும் நின்றது. இருட்டும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்குள் நுழையும்போது, கொட்டகையில் சுத்தம் பண்ண ஆளில்லை என்று சொல்லிக் கூடையைக் கொல்லையில் போட்டாள். காலையில் பார்த்தால் கூடை சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பூமாரி அடுப்பில் இருந்தாள். மீனாட்சியம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

செவ்வாய்க்கிழமை போனபோது போட்டதைக் காக்கை தின்றிருந்தது. மூன்று தட்டுக்குப் பதில் ஆறு தட்டுத் தட்டினாள். "எங்கடி போய்த் தொலைஞ்சீய? செம்பூர் மலையிலயா விருந்து?" என்று கண்டலைப் பார்த்துச் சத்தம் போட்டாள். பயம் வந்தது. உண்மையாகவே வந்தது. இரண்டு மாசப் பட்டினியில் செத்திருந்தால்? யாராவது விஷம் வைத்திருந்தால்? வீட்டில் செண்பகவல்லி டிரங்குப் பெட்டியில் இடம் ஒதுக்கி, பூமாரியின் சேலை நாலைக் கேட்டு வாங்கி மடித்து வைத்திருந்தாள். மீனாட்சியம்மாள் அந்த நாலையும் எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள்.

"வெள்ளிக்கிழம கழியட்டும் மதினி. அதுக்குள்ள என்ன அவசரம்?"

புதன்கிழமை போனபோது முந்தின நாள் போட்ட வால்கள் இல்லை. காக்கை வாலைத் தூக்காது. குனிந்து பார்த்தாள். ஈரச் சேற்றில் நாலு விரல் தடம், ஒரே ஒரு வரிசை. அவளுக்குக் கண் கலங்கிப்போயிற்று. கூடையைத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள், பழைய மாதிரி, இருபது காலடி. முதுகுக்குப் பின்னால் சேறு மிதிபடுகிற சத்தம். மெல்லத் திரும்பினாள். மூளி. விலா எலும்பு தெரிய மெலிந்திருந்தது. அவளையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு காதுத் துண்டைக் கவ்விக்கொண்டு கண்டலுக்குள் போயிற்று. அங்கேயே தின்னவில்லை, தூக்கிக்கொண்டு போயிற்று. யாருக்கோ கொண்டுபோகிறது.

வியாழக்கிழமை கூடை கொஞ்சம் கனமாகவே இருந்தது. ஜெயினுலாப்தீன் அன்றைக்குத் தரையை இரண்டு தடவை கூட்டச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பூமாரி மறுபடியும் வாயைக் கட்டிக்கொண்டு உலை வைத்தாள். அரிசியைத் தெருவே கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தது. திட்டினவர்களும் கொடுத்தார்கள், அதையும் சொல்லவேண்டும். அன்றைக்கு மீனாட்சியம்மாள் கூடை கொண்டுபோகவில்லை. பசியோடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஆனால் படப்பைச் சுமந்து ஆறுமுகநயினார் போய்த் திரும்பின பிறகு, வெறும் கூடையை எடுத்துக்கொண்டு தோல்ஷாப்புச் சுவர்வரை போய், சுவரில் ஓங்கி மூன்று தட்டுத் தட்டிவிட்டு வந்து படுத்தாள்.

விடியக்காலம் அவர் கதவைத் திறந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். அவர் தெருமுனை திரும்பினதும் எழுந்து பின்னால் போனாள். படப்பு வைத்த மேட்டுக்கு அன்றைக்குப் பொம்பளை போகக்கூடாது. போனாள். கண்டல் மறைவில் நின்று எட்டிப் பார்த்தாள்.

இலை நாலாகக் கிழிந்து கிடந்தது. சோறு இல்லை, கறி இல்லை, முட்டை ஓட்டோடு இல்லை. மண்மேடு முழுக்கத் தடம். சுருட்டு மட்டும் கிடந்தது. நரி சுருட்டுப் பிடிக்காது.

ஆறுமுகநயினார் இலைக்கு முன்னால் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு குனிந்து சுருட்டை எடுத்து மடியில் செருகினார். கொடை மறுநாள் வருஷாவருஷம் அவர் வாயில் ஒரு சுருட்டு இருக்கும். யாரோ வாங்கிக் கொடுப்பதாக அவள் நினைத்திருந்தாள். அடுத்து அவர் ஒரு கண்டல் கொப்பை ஒடித்து, குனிந்து, தடங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து அழிக்கத் தொடங்கினார். பழகின கை. ஓரத்திலிருந்து உள்பக்கமாக, ஒன்று விடாமல்.

"பதிமூணு வருசமும் இதே வேலைதானா?"

அவர் கொப்பைக் கீழே போடவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"நீ மட்டும் என்ன? நாலு நாளா எனக்குத் தெரியாமலா கூடை தூக்குன? மேலெல்லாம் வால் நாத்தம்."

"தெரிஞ்சுக்கிட்டே அந்தப் புள்ளைய ஏன் அழ வச்சீய?" கண்டல் மறைவிலிருந்து வெளியே வந்தாள். "நரிதான் திங்குதுன்னு தெரியும். நரி வரலன்னா அவ என்ன செய்வா? வாயக் கட்டிக்கிட்டு அடுப்புல வெந்தவ அவ. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

ஆறுமுகநயினார் நிமிர்ந்தார். முழங்கைவரை சேறு.

"நரி திங்குதுன்னு எனக்கு மொத வருசமே தெரியும். அத அவருதான் அனுப்புதாருன்னு நெனச்சிருந்தேன். இப்பவும் அப்பிடித்தான் நெனைக்கேன். அன்னைக்கு வந்து பாத்தா தடமே இல்ல மீனாச்சி. ஒரு தடம் கூட இல்ல. வேணாம்னுட்டாருன்னு நெனச்சேன். பயந்துட்டேன். பயத்துல யாரு தலையிலயாவது போடத் தோணிச்சு. போட்டுட்டேன்."

அவள் இன்னொரு கொப்பை ஒடித்துக்கொண்டு மேட்டில் ஏறி அந்தப் பக்கத்துத் தடங்களை அழித்தாள். மூளியின் தடம் எது என்று அவளுக்குத் தெரியும், முன்கால் கொஞ்சம் சாய்ந்து விழும். அதைக் கடைசியாக அழித்தாள்.

"பீடத்துல போய்ச் சொல்லுமுன்ன வீட்டுல போய் அவகிட்ட சொல்லணும்" என்றாள். "மொதல்ல அவகிட்ட."

"சாமி வாக்கு பீடத்துலதான் சொல்லணும்."

"அப்பம் நான் போய்ப் பீடத்துல சொல்லட்டுமா, என்ன கண்டேன்னு?"

ஆறுமுகநயினார் அவளுக்கு முன்னால் வீட்டைப் பார்த்து நடந்தார்.

தெரு முழுக்க ஆள் நின்றது. நடையில் டிரங்குப் பெட்டிமேல் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள். ஆறுமுகநயினார் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாசல் தாண்டி, அடுப்பங்கரை நிலைப்படியில் போய் நின்றார். பூமாரி எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஏத்துக்கிட்டாரு தாயீ" என்றார். "ஒரு பருக்கை மிச்சமில்ல. உன் கையில ஒரு குத்தமும் இல்ல. எம்மேலதான்."

பூமாரி அவர் காலைப் பார்த்தாள். சேறு. முழங்கையைப் பார்த்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற மாமியாரின் கையைப் பார்த்தாள், அதிலும் சேறு. கொல்லையில் அவள் தேய்த்துக் கவிழ்த்து வைத்த தகரக் கூடை வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.

"மாமா, எத்தன வந்துச்சு?" என்று கேட்டாள், வெளியே கேட்காத குரலில்.

ஆறுமுகநயினார் பெண்சாதியைத் திரும்பிப் பார்த்தார். மீனாட்சியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மூணு" என்றார். "ஒண்ணு குட்டி."

பூமாரி தலையை ஆட்டினாள். பிறகு வாசலுக்கு வந்து, செண்பகவல்லி உட்கார்ந்திருந்த பெட்டிக்கு நேராக நின்று, கையை வாயில் வைத்துத் தெருவுக்கே கேட்கும்படி முதல் குலவையை இட்டாள்.